மாத்திரைச் சாக்கும் தண்ணீர்க் கணக்கும்
வாசகர் கேள்வி – பதில்

பேரிடர்ப் பகுதிகளிலும் போர்முனைகளிலும் அவசர மருத்துவ உதவி செய்யும் தொண்டு அமைப்புகள் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். எழுதியவர்கள், பேரிடர் மருத்துவம், குடிநீர், மருந்து விநியோகம் ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்கள்.

எங்கள் அன்பியத்தில் (பங்குக் கோயிலின் சிறு குடும்பக் குழு) வீடு வீடாகப் போய் மிச்ச மாத்திரைகளைச் சேகரித்தோம். மூன்று சாக்கு சேர்ந்துவிட்டது. நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு இதை எப்படி அனுப்புவது?
– வாசகி, குளச்சல்

அனுப்பாதீர்கள். கேட்பதற்குக் கசப்பாக இருக்கும், ஆனால் இதுதான் சரியான பதில்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் வந்து குவிந்த இலவச மருந்து சுமார் 4,000 டன். அதில் பாதிக்கு மேல் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. பெரும்பாலானவற்றின் லேபிள் அங்குள்ளவர்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. காயம்பட்டவர்களைப் பார்க்க வேண்டிய மருந்தாளுநர்கள் நாள் முழுக்கப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலாவதியானதை அழிக்கத் தனியாகப் பணமும் வேண்டியிருந்தது.

உங்கள் சாக்கில் என்ன இருக்கும் என்று எங்களால் ஓரளவு சொல்ல முடியும். பாதி வெட்டிய அட்டைகளில் பெயர் ஒரு துண்டிலும் தேதி இன்னொரு துண்டிலும் போயிருக்கும். திறந்த சிரப் பாட்டில்கள் இருக்கும். ஒரே மருந்து பத்து கம்பெனிப் பெயர்களில் இருக்கும். எந்த வீட்டில் எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. நோயாளிக்குக் கொடுத்து மிச்சமான மருந்தை நன்கொடையாக ஏற்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தெளிவான விதி. போய்ச் சேரும்போது குறைந்தது ஓர் ஆண்டு ஆயுள் மீதம் இருக்க வேண்டும், மருந்தின் பொதுப்பெயர் லேபிளில் இருக்க வேண்டும், வாங்குபவர் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும் என்பவையும் அதே விதிகளில் உள்ளன. இந்தச் சல்லடையில் உங்கள் மூன்று சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி தேறினால் பெரிது.

சாக்கை என்ன செய்வது? ஏ.வி.எம். கால்வாயிலோ தென்னந்தோப்புக் குழியிலோ கொட்டிவிட வேண்டாம். அரசு மருத்துவமனை மருந்தாளுநரிடம் பேசி, மருத்துவக் கழிவு எடுக்கும் வண்டியில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அடுத்த முறை வீட்டுக்கு ஐம்பது ரூபாய் திரட்டுங்கள். பாதிக்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்து ஊரிலேயே மொத்த விலையில் வாங்க முடிந்தால் லாரி வாடகையும் மிச்சம், அங்குள்ள கடைக்காரருக்கும் பிழைப்பு.

அப்படியானால் இந்த அமைப்புகள் கொண்டுபோகும் பெட்டியில் என்னதான் இருக்கிறது?
– வாசகர், தேங்காய்ப்பட்டணம்

உலக அளவில் பொதுவாக ஒத்துக்கொண்ட ஓர் அவசர மருந்துத் தொகுப்பு உண்டு. கணக்கு 10,000 பேருக்கு மூன்று மாதம். அது ஒரே பெட்டி அல்ல. 1,000 பேருக்கான அடிப்படைத் தொகுதிகள் பத்து, அவற்றோடு மருத்துவர்களுக்கான துணைத் தொகுதி ஒன்று.

அடிப்படைத் தொகுதியில் ஊசி மருந்தே கிடையாது. விழுங்கும் மருந்து, பூசும் மருந்து, ஓ.ஆர்.எஸ்., கட்டுத்துணி, சோப்பு போன்றவைதான். காரணம், குறைந்த பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் ஒருவர் கூடாரத்தில் தனியாக உட்கார்ந்து கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நரம்பில் ஏற்றும் திரவம், ஊசிகள், சிறு அறுவைக் கருவிகள் எல்லாம் துணைத் தொகுதியில் வரும். மலேரியா உள்ள நாடு என்றால் அதற்கு ஒரு தொகுதி சேரும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகளுக்கான தொகுப்பு தனி. நம் மாவட்டம் போன்ற இடத்தில் அதுதான் முதலில் தீர்ந்துபோகும்.

எங்கே சிக்கல் வரும்? சுங்கத்தில். மார்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்கும் தனி அனுமதி வேண்டும். அதை மற்ற மருந்துகளோடு ஒரே பெட்டியில் அடைத்தால் ஒரு டப்பாவுக்காக முழுச் சரக்கும் விமான நிலையத்தில் முடங்கும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் அதைத் தனியாகப் பிரித்து, தனிக் காகிதங்களோடு அனுப்புவார்கள். ஒவ்வொரு பெட்டியின் வெளியிலும் உள்ளிருப்புப் பட்டியல் ஒட்டியிருக்கும். இரவில், மழையில், டார்ச் வெளிச்சத்தில் தேடுகிறவருக்கு அந்தக் காகிதத்தின் அருமை புரியும்.

தடுப்பூசிக் கதை வேறு. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை வைத்திருக்க வேண்டும். எல்லோரும் வெயிலுக்கே பயப்படுகிறார்கள், உறைந்துபோவதும் அதே அளவு கேடு. டெட்டனஸ், பெண்டாவேலண்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி) போன்ற தடுப்பூசிகளை ஐஸ்கட்டியோடு நேராக ஒட்டி வைத்து உறையவிட்டால் வீரியம் போய்விடும், பார்த்தால் தெரியாது. குப்பியில் ஒட்டியிருக்கும் நிறம் மாறும் அடையாளம் வெப்பத்தைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது.

கடல்நீர் புகுந்த கிணற்றை இவர்கள் எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்? எங்கள் ஊரில் சுனாமிக்குப் பிறகு மோட்டார் வைத்து இறைத்து இறைத்துப் பார்த்தார்கள், உப்பு போகவில்லை.
– வாசகர், மணக்குடி

இறைத்ததுதான் பிழை. கடற்கரை மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேலே ஓர் அடி குறைத்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். குதிரைத்திறன் கூடிய மோட்டாரை வைத்துக் கிணற்றை வற்றடித்தால் கடலைத்தான் உள்ளே இழுக்கிறீர்கள். உறைக் கிணறாக இருந்தால் உறை சரியும் ஆபத்தும் உண்டு.

முதலில் குப்பை, சேறு, செத்த கோழி, எண்ணெய்ப் படலம் எல்லாவற்றையும் வாளியால் எடுக்க வேண்டும். பம்ப் வைத்தால் மெதுவாக, நீர்மட்டம் அதிகம் இறங்காதபடி வைக்க வேண்டும். அடியில் படிந்த சகதியை அள்ளிவிட்டு, ஊறிவர விட வேண்டும். உப்பை வெளியேற்றுவது மழை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டும் கிடைக்கும் குமரி அந்த வகையில் கொடுத்துவைத்த இடம். அதுவரை குடிக்க லாரித் தண்ணீர், குளிக்கத் துவைக்கக் கிணற்று நீர்.

குளோரின் உப்பை நீக்காது. கிருமியை மட்டும் கொல்லும். அதற்கு அளவு இதோ. நான்கடி விட்டம் என்றால் 1.2 மீட்டர், ஆரம் 0.6. நீரின் ஆழம் 2 மீட்டர் என்று வையுங்கள். 3.14 × 0.6 × 0.6 × 2 = 2.26 கன மீட்டர், அதாவது 2,260 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதல் தடவை வலுவாகப் போட வேண்டும்: 1,000 லிட்டருக்கு 20 கிராம் குளோரின். பிளீச்சிங் பவுடரில் கால் பங்குதான் குளோரின் என்பதால் 1,000 லிட்டருக்கு 80 கிராம் பவுடர், இந்தக் கிணற்றுக்கு 180 கிராம்.

பவுடரை நேராகக் கிணற்றில் தூவுவதுதான் ஊராட்சிகளில் அடிக்கடி நடக்கும் தவறு. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு, தெளிந்த நீரை இன்னொரு வாளியில் ஊற்றிக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்ட வேண்டும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு விடுங்கள். மறுநாள் வாடை தாங்க முடியாமல் இருந்தால் அந்த நீரை மெதுவாக இறைத்துக் கொட்டிவிட்டு, குளோரோஸ்கோப்பில் (நீரில் மிச்சமுள்ள குளோரினை நிறத்தால் காட்டும் சோதனைக் கருவி) சோதியுங்கள். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை மிச்சக் குளோரின் இருந்தால் குடிக்கலாம், உப்பு இல்லாவிட்டால். அதன் பிறகு வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் போதும்.

இத்தனையும் செய்து சோதனையில் நிறமே வரவில்லையா? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, சேறு குளோரினைத் தின்றுவிட்டது. அல்லது பவுடர் பழையது. வாய் திறந்த சாக்கில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த பவுடரில் சுண்ணாம்பு மட்டும்தான் மிச்சமிருக்கும்.

இறந்த உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்று அவசரமாகப் புதைக்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

பேரிடரில் இறந்தவர்கள் அடிபட்டும் மூழ்கியும் இறந்தவர்கள், தொற்றால் அல்ல. அவர்கள் உடலிலிருந்து கொள்ளைநோய் கிளம்பாது. காலரா, எபோலா போன்ற நோயால் இறந்தவர்களுக்கு மட்டும் விதி வேறு. அவசரமாகக் குழிதோண்டி அடக்கம் செய்வதால் நேரும் சேதம் பெரிது: அடையாளம் தெரியாமல் போகும், குடும்பத்துக்கு இறப்புச் சான்றும் நிவாரணமும் இழுத்தடிக்கும். புகைப்படம், எண் எழுதிய அட்டை, உடையின் துண்டு, கிடைத்த இடம் இவ்வளவையாவது பதிவுசெய்துவிட்டுத்தான் புதைக்க வேண்டும். முகாமில் நோயைப் பரப்புவது உயிரோடு இருப்பவர்களின் மலமும் அழுக்குத் தண்ணீரும் நெரிசலும்.

சுனாமியில் காலில் ஆழமான வெட்டுக்காயம் பட்டவருக்குத் தையல் போடாமல் திறந்தே விட்டார்களாம். அலட்சியமா?
– வாசகி, கடியப்பட்டணம்

இல்லை, அதுதான் முறை. சேறும் மணலும் கடல்நீரும் புகுந்த காயத்தை அன்றே தைத்து மூடினால் அழுக்கையும் கிருமியையும் உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். மூன்றாம் நாள் வீங்கிச் சீழ் கட்டி, தையலைப் பிரித்து, சில சமயம் காலையே எடுக்க வேண்டி வரும். அதனால் சுத்தமான தண்ணீரை லிட்டர் கணக்கில் அழுத்தி ஊற்றிக் கழுவி, செத்த சதையை வெட்டி நீக்கி, ஈரமான காஸ் துணியை லேசாக வைத்துக் கட்டி, டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்புவார்கள். மூன்று முதல் ஐந்து நாளில் காயம் சுத்தமாக, சிவப்பாக இருந்தால் அப்போது தைப்பார்கள். போர்க்காயத்துக்கும் இதே விதிதான்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு சேதி. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் ஒரு வகை விப்ரியோ கிருமி, மீன்முள் குத்தின சின்னக் காயம் வழியாகவும் உள்ளே போகும். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அது மணிக்கணக்கில் முற்றும். காயத்தைச் சுற்றிச் சிவந்து, வலி மிஞ்சி, கருநீலக் கொப்புளம் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. அன்றே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

நூறு பேர் அடிபட்டு வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று எப்படி முடிவுசெய்கிறார்கள்?
– ஆசிரியர், நெய்யூர்

நெய்யூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. உங்கள் ஊர் மிஷன் மருத்துவமனையில் 1920-களிலிருந்து பல்லாண்டு பணியாற்றிய டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல், எவரெஸ்ட் ஏறப் போனவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் 1916-இல் சோம் போரில், காயம்பட்டவர்களைக் கொண்டுவரும் சிகிச்சை முகாமில் அறுவை மருத்துவராக இருந்தவர். வரிசையாகப் புல்தரையில் கிடந்த நூற்றுக்கணக்கானோரில் யாரைத் தூக்குவது என்று முடிவுசெய்யும் வேலையை அவர் அங்கே பார்த்தார்.

இன்று அதற்கு எளிய வழிமுறை உண்டு. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடக் கூடாது. “நடக்க முடிந்தவர்கள் அந்த மரத்தடிக்குப் போங்கள்” என்று முதலில் குரல் கொடுப்பார்கள். போனவர்களுக்குப் பச்சை அட்டை. சத்தம் போட்டு அழுகிறவர் பெரும்பாலும் பச்சைதான், சத்தமில்லாமல் கிடப்பவரைத் தேடிப் போக வேண்டும். மூச்சு இல்லையென்றால் தலையைச் சாய்த்து மூச்சுவழியைத் திறந்து பார்ப்பார்கள். அப்போதும் வராவிட்டால் கறுப்பு, அதாவது காப்பாற்ற முடியாதவர். மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல், அல்லது நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 2 நொடிக்கு மேல், அல்லது “கையைப் பிடியுங்கள்” என்றால் செய்ய முடியவில்லை: மூன்றில் ஒன்று இருந்தாலும் சிவப்பு, அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்றவர் மஞ்சள், சிவப்புக்கு அடுத்த முறை; பச்சை கடைசியில். பீறிடும் ரத்தத்தை அழுத்திக் கட்டுவது தவிர இந்தக் கட்டத்தில் எந்தச் சிகிச்சையும் செய்வதில்லை. தரம் பிரிக்கிறவர் நல்ல மருத்துவராக இருந்தால் இதுதான் கஷ்டம், முதல் நோயாளியிடமே உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரத்தில் மஞ்சள் சிவப்பாகலாம் என்பதால் திரும்பத் திரும்ப அட்டையைப் பார்க்க வேண்டும்.

போரில் இரண்டு பக்கத்துக்கும் வைத்தியம் பார்ப்பார்களாமே? அதெப்படி நியாயம்?
– ஓய்வுபெற்ற ராணுவ வீரர், குலசேகரம்

ஆயுதத்தைக் கீழே போட்டுக் காயத்தோடு கிடப்பவர் எந்தச் சீருடையில் இருந்தாலும் நோயாளி. 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் சொல்வது அது, உங்களுக்குப் பாடமாகவே நடத்தியிருப்பார்கள். தொண்டு அமைப்புக்கு அதில் நடைமுறைக் காரணமும் உண்டு. ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மறுபக்கச் சோதனைச்சாவடியில் ஆம்புலன்ஸ் நிற்கும். அதனால்தான் மருத்துவமனை வாசலில் துப்பாக்கிக்குக் குறுக்குக்கோடு போட்ட படம் இருக்கும். யார் வந்தாலும் ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும்.

அமைப்புக்கு அமைப்பு போக்கு மாறும். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கண்டதை அரசுகளிடம் தனியாகச் சொல்லும், பெரும்பாலும் வெளியே பேசாது. 1971-இல் பாரிஸில் மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து தொடங்கிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தேவைப்பட்டால் வெளிப்படையாகப் பேசும். 1985-இல் எத்தியோப்பியாவில் மக்களைக் கட்டாயமாக இடம் மாற்றியதைக் கண்டித்ததற்காக அங்கிருந்து வெளியேற்றப்பட்டது. 1999-இல் நோபல் அமைதிப் பரிசும் பெற்றது. எது சரி? இரண்டும் வேண்டும் என்பது எங்கள் கருத்து. சிறையில் இருப்பவரைப் பார்க்க வாய் மூடியவரால்தான் முடியும்.

விதி இருப்பதால் பாதுகாப்பு உறுதி என்று நினைக்க வேண்டாம். ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் அந்த அமைப்பின் மருத்துவமனை எந்த இடத்தில் இருக்கிறது என்ற ஜி.பி.எஸ். எண்களை எல்லாத் தரப்புக்கும் முன்பே கொடுத்திருந்தார்கள். 2015 அக்டோபர் 3 அன்று அமெரிக்க விமானத் தாக்குதலில் அங்கே 42 பேர் இறந்தார்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் குழந்தைக்கு நிற்கவில்லை. முகாம்களில் எப்படிக் கொடுக்கிறார்கள்?
– வாசகி, தக்கலை

ஓ.ஆர்.எஸ். போக்கை நிறுத்தாது. போன நீரையும் உப்பையும் ஈடுகட்டும், அதனால் உயிர் நிற்கும். நிறுத்த மருந்து தேடி அலைவதுதான் பல வீடுகளில் நேரத்தைத் தின்கிறது.

கடையில் இரண்டு அளவுப் பாக்கெட் உண்டு: 1 லிட்டருக்கானது, 200 மில்லிக்கானது. பெரிய பாக்கெட்டில் பாதியைக் குத்துமதிப்பாக ஒரு தம்ளரில் போட்டால் உப்பு கூடி ஆபத்து. சின்னதை ஒரு லிட்டரில் போட்டால் பயனில்லை. முழுப் பாக்கெட்டையும் எழுதியிருக்கும் அளவு நீரில் கரையுங்கள், 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. பாக்கெட்டே இல்லையென்றால் 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்பினால், முகாமில் கிலோவுக்கு 75 மில்லி கணக்கில் நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிப்பார்கள். 10 கிலோக் குழந்தைக்கு 750 மில்லி. குடிக்கவே முடியாமல் துவண்டால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குள் 10, பதினான்கு நாள். போக்கு நின்றதும் பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த சில மாதங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த மாத்திரை.

காலரா முகாமில் கட்டிலின் நடுவில் துளை, கீழே வாளி. அருவருப்பாகத் தோன்றும், ஆனால் எவ்வளவு போனது என்று வாளிதான் சொல்லும். கடுமையாக வற்றிப்போன 50 கிலோ ஆளுக்கு நரம்பில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவம் 5 லிட்டர்: முதல் ஒன்றரை லிட்டர் அரை மணி நேரத்தில், மீதி இரண்டரை மணி நேரத்தில். இப்படிச் செய்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. செய்யாவிட்டால் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து நாலு வருஷம் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன். இந்த அமைப்புகளில் சேர முடியுமா?
– செவிலியர், மார்த்தாண்டம்

முடியும். எல்லைகளற்ற மருத்துவர்கள் இந்தியாவிலும் ஆள் எடுக்கிறார்கள். படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டு அனுபவமாவது எதிர்பார்ப்பார்கள், உங்களிடம் அது இருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வேண்டும். பிரெஞ்சு அல்லது அரபி தெரிந்தால் வாய்ப்பு பல மடங்கு. வளைகுடாவில் இருந்த அக்காமாரிடம் நம் ஊரில் அரபி கற்க முடியும்.

ஐ.சி.யூ. அனுபவம் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். அங்கே மானிட்டர் இருக்காது. ஒரு செவிலியர் உள்ளூர்ப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, மருந்து இருப்பைக் கணக்கெழுதி, மேற்பார்வை பார்ப்பவராக இருப்பார். களப் பணியாளர்களில் பத்தில் எட்டுக்கு மேல் அந்தந்த ஊர்க்காரர்கள்தான். குழந்தைகள் வார்டு, பிரசவம், தடுப்பூசி இவற்றில் கொஞ்சம் கை பழகுங்கள். மருத்துவம் படிக்காத அண்ணன் தம்பிக்கும் இடமுண்டு: ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், வண்டி, கிடங்கு தெரிந்தவர்கள் இல்லாமல் எந்த மருத்துவமனையும் ஓடாது.

சேர்த்துவிடப் பணம் கேட்கிற ஏஜென்ட் யாராக இருந்தாலும் போலி. விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.

எங்கள் கோயில் பங்கில் புயல் பாதுகாப்பு மையத்துக்கு மருத்துவப் பெட்டி வைக்க விரும்புகிறோம். 300 பேர், மூன்று நாள் என்றால் என்னென்ன வாங்குவது?
– இளைஞர் இயக்கம், முட்டம்

பெட்டிக்கு முன் தண்ணீர். ஒருவருக்கு நாளுக்கு 15 லிட்டர் என்றால் 300 பேருக்கு நாளுக்கு 4,500 லிட்டர், மூன்று நாளுக்கு 13,500 லிட்டர். மின்சாரம் இல்லாமல் இறங்கும் உயரத்தில் தொட்டி வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். கழிப்பறை 50 பேருக்கு ஒன்று என்றாலும் ஆறு.

பெட்டியில் 1 லிட்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 100, துத்தநாக மாத்திரை பத்துக் குழந்தைகளுக்கு 140, பாராசிட்டமால், கையுறை இரண்டு டப்பா, காஸ், ரோலர் பேண்டேஜ், 500 மில்லி சலைன் பாட்டில் 20 காயம் கழுவ, சோப்பு, குளோரின் மாத்திரை, டார்ச், தனியாகப் பேட்டரி. ஆன்டிபயாட்டிக் வாங்கி அடுக்க வேண்டாம். மருத்துவர் இல்லாத இடத்தில் அது தவறான கைக்குப் போகும்.

பெட்டியைவிட முக்கியம் ஒரு நோட்டு. இன்சுலின் போடுகிறவர், டயாலிசிஸ் செய்கிறவர், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், எட்டு மாதம் கடந்த கர்ப்பிணி: பெயர், வீடு, மருந்து, அளவு. புயல் எச்சரிக்கை வந்ததும் முதலில் நகர்த்த வேண்டியவர்கள் இவர்கள். ஒரு வார மருந்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் நின்றால் இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டாம். வெயில் படாமல் ஈர மண்பானைக்குள் வைத்தால் போதும், நம் ஊர்ச் சூட்டில் நாலு வாரம் வரை வீரியம் குறையாது. ஃபிரீசரில் உறைந்தது மட்டும் ஆகாது.

மே மாதக் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் பெட்டியைத் திறந்து தேதி பாருங்கள். ஆறு மாதத்துக்குள் காலாவதியாகப் போவதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே பேசி மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சாவி இரண்டு, இரண்டு பேரிடம். அதில் ஒருவராவது கடலுக்குப் போகாதவராக இருக்கட்டும்.